கருமருது ஒருவழியாகப் பதிந்தது

மரத்தில் துணியைக் கட்டி, மேலே மெழுகுக் கட்டியைத் தடவி எடுக்கும் பட்டைப் பதிவில், கருமருதின் பட்டை ஒருவழியாக முழுசாகப் பதிந்துவிட்டது. கிழிசல் இல்லை, பிளவுகள்கூடத் துல்லியமாக விழுந்திருக்கின்றன. பொள்ளாச்சி அருகே சேத்துமடைப் பக்கம் தெரிந்தவர் தோப்போரம் நிற்கும் கிழட்டு மரம் அது.

பதிவு எடுப்பவர்களுக்கு இந்த மரம் கொடுக்கும் தொல்லை தெரியும். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. பட்டர் பேப்பர் முதல் விளிம்பிலேயே கிழிந்துவிடும்; டிராயிங் தாளோ பள்ளத்தில் இறங்கவே இறங்காது. கடைசியில் கைகொடுத்தது பழைய மல் வேட்டிதான். லேசாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, மேலும் கீழும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மெழுகை நீளவாக்கில் ஓட்டவே கூடாது. கட்டியைப் படுக்கவைத்து, அழுத்தாமல், குறுக்குச் சாய்வாகத் தடவ வேண்டும். முதல் தடவலில் வெறும் சாம்பல் பூச்சுதான் தெரியும். அதற்கு மேலேயே திரும்பத் திரும்பத் தடவினால் கட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். வெயில் ஏறினால் மெழுகு இளகி விளிம்பெல்லாம் அப்பிவிடும், அதனால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கட்டியும் நானே தேன்மெழுகில் விளக்குக்கரி கலந்து வார்த்ததுதான். கடை கிரேயான் இதன் பக்கத்தில் நிற்காது.

வெண்தேக்கு இதற்கு நேர் எதிர். வழவழவென்ற வெளிர் பட்டை, மெல்லிய ஏடுகளாக உரியும். தாளை எடுத்தால் ஏடும் சேர்ந்து வரும். கருமருதில் பழைய தக்கை (பட்டையின் வெளி அடுக்கு) உதிராமல் அடுக்கடுக்காகத் தங்கி, மரம் பருக்கப் பருக்க வெடிக்கிறது. வெண்தேக்கு பழையதைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. கோடையில் தரைத்தீ வரும் இலையுதிர் காட்டில் கருமருதுப் பட்டையின் தடிமன்தான் உள்ளே இருக்கும் உயிர்த்திசுவைக் காப்பாற்றுகிறது. மேலே வால்பாறை மழைக்காட்டில் தீ அபூர்வம் என்பதால், வெடிப்பலா மாதிரி பெரிய மரங்களுக்கும் பட்டை பொதுவாக மெல்லிசுதான். அங்கே பதிவு எடுத்தால் பட்டையைவிடப் பாசிதான் அதிகம் விழும்.

மெல்லிய தாள் வேண்டுமென்றால் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தேடுங்கள், மொத்தமாகவே வாங்கலாம். வெண்தேக்குக்கு அதுதான் சரி.

மருது வரிசையில் நீர்மருது இன்னும் பாக்கி. அதற்குள் மனசு இலவுக்குப் போய்விட்டது. இள மரத்தில் கூம்புக் கூம்பாக முள், எந்தத் துணியும் தாங்காது. வயசான இலவில் அடிப்பக்க முள் தேய்ந்து போயிருக்கும், முதலில் அதில் துணியைக் கட்டிப் பார்க்கப் போகிறேன். இள மரத்துக்குக் களிமண்ணை அப்பி அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுவதாகத் திட்டம்.