போர்த்விக் கோட்டையின் கிழக்குச் சுவர்

ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் பழைய செதுக்குப் படங்களில் (உலோகத் தகட்டில் கோடுகளாகச் செதுக்கி அச்சடித்தவை) எனக்கு ரொம்பப் பிடித்தது போர்த்விக் கோட்டை. எடின்பரோவுக்குத் தென்கிழக்கே இருக்கிறது, 1430-ல் அரசர் முதலாம் ஜேம்ஸ் அனுமதி கொடுத்துக் கட்டியது. கிட்டத்தட்ட 110 அடி உயரம், சில இடங்களில் சுவரே 12 அடிக்கு மேல் தடிமன். கீழே கிடங்கு, அதற்கு மேல் பெரிய கூடம், அதற்கும் மேலே படுக்கையறைகள் என்று ஒரு அரண்மனையையே செங்குத்தாக அடுக்கிவிட்டார்கள்.

படத்தில் இருப்பது மேற்குப் பக்கம். மேலிருந்து பார்த்தால் கோட்டை ‘ப’ வடிவம், அதன் இரண்டு கால்களான கோபுரங்கள் இந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் உள்ள குறுகலான இடைவெளியில் செதுக்கியவர் கோட்டின் மேல் கோடாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து அப்படி ஒரு இருட்டைக் கொண்டுவந்திருக்கிறார், கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அது நிழல் இல்லை, நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் என்று தெரியும். அபாரமான கை!

1567 ஜூனில் ஸ்காட்லாந்து ராணி மேரியும் அவருடைய கணவர் பாத்வெல் பிரபுவும் இங்கேதான் இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எதிர்த்த பிரபுக்கள் கோட்டையைச் சூழ்ந்துவிட்டார்கள். பாத்வெல் முதலில் நழுவினார், அப்புறம் மேரி ஆண் வேடத்தில் இரவோடிரவாகத் தப்பி டன்பாருக்குப் போனார். சில நாட்களிலேயே கார்பெரி குன்றில் சரணடைய வேண்டியதாயிற்று, பாவம்.

சரி, எனக்கு இந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. 1650 நவம்பரில், ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்து வந்த ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் இந்தக் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், ஆட்களோடு வெளியேறிவிடுங்கள், பீரங்கியைத் திருப்ப வைத்தால் நடப்பது உங்களுக்குப் பிடிக்காது என்கிற மாதிரி மிரட்டியிருந்தார். சொன்னபடியே சுடவும் செய்தார், உள்ளே இருந்தவர்கள் பணிந்துவிட்டார்கள். அந்த அடி விழுந்தது கிழக்குச் சுவரில். மேல் பகுதியில் கல் பெயர்ந்த வடு இன்றைக்கும் தெரிகிறது. ஆனால் ஓவியர் அழகான மேற்குப் பக்கத்தோடு நின்றுவிட்டார். கல்லின் ஒவ்வொரு வரிசையையும் அவ்வளவு பொறுமையாகச் செதுக்கத் தெரிந்த கை அந்தச் சிதைந்த சுவரையும் ஒரு தகட்டில் பதித்திருந்தால், பீரங்கி அதை என்ன பாடுபடுத்தியது என்று கல் கல்லாகப் பார்த்திருக்கலாம்.

இப்போது அங்கே திருமணங்கள் எல்லாம் நடக்கின்றன. போக வாய்த்தால் இரட்டைக் கோபுரத்தை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், கிழக்குச் சுவரையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.