இருபது பைசா தபால்தலை

ஜனவரி 27
அப்பாவின் தபால்தலை ஆல்பத்தைத் தூசி தட்டினேன். ஒரு பக்கத்தில் 20 பைசா தலை, மேல் ஓரத்தில் ஒரு பல் கிழிந்தது. கோதுமைக் கதிர்கள். 1968-ல் கோதுமைப் புரட்சிக்காக வெளியிட்டது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வந்தப்ப சி.எஸ். மந்திரியா இல்லை கண்ணு. நம்ம கோபியில தோத்திருந்தார்" என்றார்.

ஜனவரி 28
அப்பா சொன்ன சி.எஸ்., சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்து விவசாயக் குடும்பம். 1952 முதல் சென்னையில் மந்திரி, 1962-ல் டெல்லி. 1964-ல் பிரதமர் சாஸ்திரி அவரிடம் உணவையும் விவசாயத்தையும் கொடுத்தார். அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்து நாடு சாப்பிட்ட காலம். அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. 1966-ல் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது.

ஜனவரி 30
அவர் பிறந்த நாள். 1910.
நம் பழைய கோதுமை நெட்டை. உரம் கூடினால் கதிர்ப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். மெக்சிகோவின் குட்டை ரகம் சாயாது. விஞ்ஞானிகள் சொன்னதை நம்பி, டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அதை விதைத்தார் மனுஷன்! 1966-ல் 18,000 டன் விதை இறக்கினார். தானியம் சிவப்பு, சப்பாத்திக்கு நிறம் சரியில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். அப்புறம் கல்யாண் சோனா, சோனாலிகா என்ற ரகங்கள் வந்து அந்தக் குறை தீர்ந்தது.
ஆனால் அவர் செய்ததில் பெரியது விதையல்ல என்பேன். விலை. விளைந்ததை நியாய விலைக்கு எடுக்க ஆளில்லை என்றால் எந்தக் குடியானவர் கடன் வாங்கி உரம் போடுவார்? 1965-ல் விவசாய விலைக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. கழகத்தின் முதல் அலுவலகம் தஞ்சாவூரில்.

பிப்ரவரி 1
அந்த வழியில் பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கிப்போனது, கம்பும் சோளமும் ஓரங்கட்டப்பட்டன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பசியைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.
1965 இந்தி எதிர்ப்பின்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்தான். 1967 தேர்தலில், கோபிச்செட்டிபாளையத்தில், அதுவும் எடுபடவில்லை. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற தி.மு.க. வாக்குறுதிதான் ஊரெல்லாம் பேச்சு. மறுவருட அறுவடையில் கோதுமை சுமார் 165 லட்சம் டன். வடக்கே பள்ளிக்கூடங்களில்கூட மூட்டை அடுக்கினார்கள்.
அப்பாவுக்கு அந்த 1967 தேர்தலில்தான் முதல் ஓட்டு. யாருக்குப் போட்டீர்கள் என்று இன்றுதான் கேட்டேன்.
"அரிசிக்கு வரிசையில நின்னுட்டு, அப்படியே போய்ப் போட்ட ஓட்டு கண்ணு" என்றார்.
தபால்தலையின் கிழிந்த ஓரத்தை விரலால் நீவி, ஆல்பத்தை மூடினார்.