திருப்பத்தூர் ஜெபாலயத்தில் அம்மாவின் பொருத்தனை

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். தம்பி குடியை விட்டு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து அடுத்த தடவை வரும்வரைக்கும் அதில் நின்றுவிட்டால், அவனைத் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்து ஜெபாலயத்துக்குக் கூட்டிப்போய் ஜெபிப்பதாக அம்மா பொருத்தனை செய்திருந்தார். எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்குத் திரும்பும்போதுதான், "வர்ற வெள்ளிக்கிழமை மூணு பேரும் உபவாசம் இருந்து போகணும்" என்றார். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினான்.

வேலூரில் இல்லாத கோவிலா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். இருக்கிறதுதான். கோட்டைக்குள்ளேயே 1846-ல் கட்டிய தூய யோவான் ஆலயம் இருக்கிறது. ஆனால் அம்மா பிறந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். சின்ன வயதில் காய்ச்சல் கண்டு பிழைக்கமாட்டாள் என்று விட்டபோது, பாட்டி தூக்கிக்கொண்டு ஓடியது ஆசிரமத்து ஆஸ்பத்திரிக்கு. "பெரியண்ணன் கை வெச்ச உடம்பு இது" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

பெரியண்ணன் என்றால் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன். சின்னண்ணன் என்றால் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் 1921-ல் ஆரம்பித்ததுதான் இந்த ஆசிரமம். நம்ம ஊர்க்காரர் ஒருவரும் வெள்ளைக்காரர் ஒருவரும் அண்ணன் தம்பியாக, கல்யாணம் செய்யாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு கடைசிவரை வாழ்ந்தார்கள். சின்னண்ணன் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. அந்த மனிதர் 1932-ல் சென்னையில் போலீஸாரிடம் அடியும் பட்டார். எதை விட்டுவிட்டு வந்தார், எதை வாங்கிக்கொண்டார் என்று நினைத்தாலே நமக்குக் கூச்சமாக இருக்கும்.

முகூர்த்த நாள் என்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டிலேயே கூட்டம் பிதுங்கியது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று சீட் பிடித்துவைத்திருந்த ஒரு பெரியவர், அம்மாவைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிகொண்டா தாண்டும்வரை அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கையில் ஒரு கல்யாண சீர்வரிசைத் தட்டை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள்.

ஆம்பூரில் பஸ் நின்றது. தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே பிரியாணி தேக்சா மூடியைத் திறந்தால் சீரகச் சம்பா வாசனை பஸ்ஸுக்குள் ஏறி டிக்கெட் எடுக்காமலேயே உட்கார்ந்துகொள்ளும். முன் சீட்டில் ஒருவர் பொட்டலத்தை அங்கேயே பிரித்தார். கத்தரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி எல்லாம் கண்ணுக்கு எதிரே. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத எனக்கு வயிறு ஒருமுறை புரண்டது. தம்பி சிரித்தான்.

"இது ஒண்ணும் இல்லக்கா. வாணியம்பாடி வந்தா மறந்துடும். பிரியாணி நம்மகிட்ட பேசாது. அது பேசும்."

எது என்று நான் கேட்கவில்லை. அவனே சொல்லிக்கொண்டு வந்தான். குடிக்கக்கூடாது என்று சத்தியம் செய்வது அவனுக்கு எந்தக் காலத்திலும் கஷ்டமாக இருந்ததில்லையாம். சாயங்காலம் ஆறு மணி ஆனால், உள்ளே ஒருத்தன் வக்கீல் மாதிரி எழுந்து நின்று வாதாடுவானாம். 'நாள் முழுக்க உழைச்சிருக்கே, உனக்கு இதுகூடவா உரிமை இல்லை? இன்னைக்கு அவமானப்படுத்திட்டாங்க, மனசு ஆற வேண்டாமா?' என்று. "கடை என்னை இழுக்கலக்கா. நான்தான் என்னை இழுத்துக்கினு போனேன்" என்றான். அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு நிருபத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த வசனம் ஆம்பூர் பஸ்ஸில் என் தம்பி வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

லெந்து வந்தால் நம் வீடுகளில் முதலில் பேச்சு எடுப்பது கவுச்சியைப் பற்றித்தான். நாற்பது நாள் கறி மீன் கிடையாது, ஈஸ்டர் அன்றைக்கு வட்டியும் முதலுமாகச் சாப்பிட்டுக்கொள்வோம். அதைக் குறை சொல்லவில்லை, நானும் இருக்கிறேன். ஆனால் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு என் பின்னே வா என்று ஆண்டவர் சொன்னது ஆட்டுக்கறியை மனதில் வைத்து இல்லை. உள்ளே இருக்கும் அந்த வக்கீலைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

திருப்பத்தூரில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, ஏலகிரி போலாமா? படகுத்துறை, பூங்கா எல்லாம் சுத்திக் காட்டிட்டு கொண்ணாந்து வுட்டுர்றேன்." ஆசிரமம் என்றதும் கேட்ட தொகை, வேலூரிலிருந்து மூன்று பேரும் வந்த பஸ் கட்டணத்தைவிட அதிகம். அவரை விலக்கினால் இன்னொருவர். கையில் நோட்டீஸ், பையில் சின்னச் சின்ன எண்ணெய் பாட்டில். தம்பியின் முகத்தில் என்ன கண்டாரோ, "ஒரே ஜெபத்துல குடியிலிருந்து விடுதலை, காணிக்கை உங்க இஷ்டம்" என்றார். இதேபோல ஒருவரிடம் அம்மா ஒரு காலத்தில் கம்மலை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். அன்றிரவே தம்பி குடித்துவிட்டு வந்தான். அம்மா அந்த ஆளிடம் நோட்டீஸை மட்டும் வாங்கி நாலாக மடித்து, "தம்பி, எண்ணெய் தலைக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தார். கோபமே இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

ஜெபாலயத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பெருமாள் கோவில் என்றுதான் நினைப்பார்கள். கோபுரமும் மண்டபமும் தூண்களும் அப்படி. செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இருந்தாலும் தரையில்தான் உட்கார்ந்தார்.

தம்பி சிலுவைக்கு நேராகப் போய் முழங்கால் போட்டான். சாஷ்டாங்கமாக விழவில்லை, கண்ணீர் விடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் திறந்து தொடைமேல் வைத்துக்கொண்டான். குடித்த காலத்தில் கிளாஸைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கை அது. டீ தம்ளரை அவனிடம் கொடுக்கும்போது பாதிக்குமேல் ஊற்றமாட்டோம். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் மட்டும் லேசாகத் துடித்தது, அப்புறம் அதுவும் நின்றது. நகத்தில் பெயின்ட் கறை, பச்சை. வேலைக்குப் போகிற கை.

அவன் வாய்விட்டு ஜெபித்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, சாயங்காலம் ஆறு மணிக்கு என்கூட இரும்." சுகம் கேட்கவில்லை, ஆசையே வராமல் பண்ணும் என்றும் கேட்கவில்லை. ஆசை வரும் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆமென் என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா சத்தமாகச் சொன்னார்.

அதற்குமேல் என்ன பார்த்தேன், எந்த வழியாக வெளியே வந்தோம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. மரநிழலில் உட்கார்ந்து அம்மா பாடிய பாட்டுக்கு நாங்கள் சுருதி சேராமல் பாடினோம். அம்மா முடிந்து வைத்திருந்த காணிக்கையைச் செலுத்தினார். பிழைக்கவைத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். அவனை விட்டுப் போகாமல் இரண்டு பிள்ளைகளோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளே என் தம்பி மனைவி, அவளுக்காக ஸ்தோத்திரம். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் சலிக்காமல் வந்து அவனோடு பேசிக்கொண்டு நடந்த எங்கள் ஆயருக்காகவும் ஸ்தோத்திரம். அம்மாவைக் காப்பாற்றின பெரியண்ணனை எழுப்பினாரே ஆண்டவர், அவருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

திரும்பும்போது ஆம்பூர் வருவதற்குள் இருட்டிவிட்டது. ஆறு மணி எப்போது தாண்டியது என்று நாங்கள் கவனிக்கவில்லை. தம்பி கவனித்திருப்பான். உபவாசத்தை இட்லியோடு முடித்தோம், அதுவும் ஆறிப்போன இட்லி. வர்ற வாரம் லெந்து ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வசனம் வாசிப்பதைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். சுண்டல் என் பொறுப்பு.