சேலத்து வெயிலில் ஓடப் பழகியது

ஒஸ்லோவில் ஓடுகிறவர்களுக்கு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதுதான் கவலை. அங்கே சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றி 3.3 கிலோமீட்டர் பாதை உண்டு. குளிர்காலத்தில் கையுறை, கம்பளித் தொப்பி, மூன்று சட்டை போட்டுக்கொண்டு ஓடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே போன பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவள் நான். கல்யாணமாகிக் கணவரின் ஊரான சேலத்துக்கு, கன்னங்குறிச்சிக்கு வந்தபோது மார்ச் முடியப் போகிறது. இந்தியாவில் எதற்குப் பழகினாலும் பழகாவிட்டாலும் ஓட்டத்தை விடக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருந்தேன்.

நாகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, வடக்கே சேர்வராயன் என்று சேலத்தைச் சுற்றிலும் மலைதான். மே மாதம் பகலில் 38, 39 டிகிரி சாதாரணம். விடிகாலையில்கூட 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்குப் போகிறது, மற்றதெல்லாம் வெப்பம். காற்றே தோலின் சூட்டை எட்டிவிட்டால் அந்த வெப்பம் வெளியேற வியர்வை ஒன்றுதான் வழி. அதுவும் ஆவியாகிற வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். சொட்டிக் கீழே விழுவதால் ஒரு பயனும் இல்லை. அதனால் ஓட்டத்துக்கு நடுவே முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டே இருப்பதை விட்டேன்.

சென்னையில் ஓடினால் சட்டை பிழியப் பிழிய நனையும். சேலத்துக் கோடைக் காற்று அதைவிட உலர்ந்தது. வியர்ப்பதே தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்புச் சட்டையில் உப்புப் பூத்திருக்கும். எவ்வளவு நீர் போனது என்று தெரிய ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பேன். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்புக் குறையும். இந்த வசதியெல்லாம் வெயிலில் மெதுவாக, கொஞ்ச நேரம் மட்டும் ஓடி ஓடித்தான் கிடைக்கும். "ஏற்காட்டுக்குப் போய் ஓடேன், ஜில்லுன்னு இருக்கும்" என்றார் கணவர். உண்மைதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் ஏழெட்டு டிகிரி குறையும், ஏரிச் சாலையில் ஓடுவது அவ்வளவு சுகம். ஆனால் மலையில் மட்டும் ஓடினால் அடிவாரத்து வெயிலுக்கு உடம்பு தயாராகாது. அதனால் ஏற்காடு ஞாயிற்றுக்கிழமைக்கு. மற்ற நாள்களில் விடியுமுன் மூக்கனேரிக் கரையில், தளர்ந்த பருத்திச் சட்டையோடு. ஆரம்பத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பாட்டிமார் சிலர் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள்.

குடிக்கிற விஷயத்தில் எனக்குக் குரு அத்தைதான். திரும்பி வந்ததும் நீராகாரத்தில் உப்புப் போட்டுச் சின்ன வெங்காயத்தோடு தருவார். சில நாள் நீர்மோர், சில நாள் கம்மங்கூழ். விளையாட்டு பானம் விற்கிறவர்கள் சொல்லும் நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் இதிலேயே இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் அதோடு உப்புள்ள எதையாவது சாப்பிடுவது நல்லது. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அதுவும் ஆபத்து.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தையும் நானும் ஒத்துப்போகவில்லை. "கண்ணு, ஓடி வந்த சூட்டோட தண்ணி ஊத்தாதே, சளி புடிச்சுக்கும்" என்பார். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும், அதற்காகப் பத்து நிமிடம் நடக்கத்தான் வேண்டும். சளி என்பது கிருமியால் வருவது, தண்ணீரால் அல்ல. இப்போது நடந்து முடித்து நிழலில் உட்கார்ந்து, முழங்கைவரை இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் விட்டுக்கொள்கிறேன். உள்ளங்கையில் வெப்பத்தை வெளியேற்றவென்றே தனி ரத்தக்குழாய்கள் உண்டு. கழுத்தில் ஈரிழைத் துண்டை நனைத்துப் போட்டு மின்விசிறியைச் சுழலவிடுவேன். துண்டு சூடானால் மறுபடி நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் போர்வைதான்.

இந்தத் தண்ணீர் பயம் உயிரோடு விளையாடக் கூடியது. மே மாதம் ஒரு காலை, ஒரு மைதானத்தில் காவலர் தேர்வுக்காகப் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் அவர்களுக்கு. ஒருவன் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான். உடம்பெல்லாம் வியர்வை, தொட்டால் கொதிக்கிறது. "தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி கண்டுரும்" என்று ஒரு பெரியவர் தடுத்தார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் வெயிலில் உழைத்தவருக்கு நினைவு தடுமாறினால் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று ஆறுதல் அடையக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் குளிர்விப்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது.

108-க்குச் சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் படுக்க வைத்துக் குடம் குடமாக ஊற்றினோம், இரண்டு பேர் அட்டையால் விசிறினார்கள். ஜூஸ் கடை அண்ணன் ஐஸ் கட்டிகளை மூட்டையோடு தூக்கி வந்தார். ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்க மாற்றி மாற்றிப் போட்டோம். வண்டி வருவதற்குள் தன் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டான்.

கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் உட்கார வைப்பதுதான் இதற்கு மிகச் சிறந்த வழி. அதற்காகப் பையன்கள் ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் அறுத்துத் தொட்டியாக்கி நிழலில் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் முறை வைத்து நிரப்புகிறார்கள். ஐஸுக்கு ஜூஸ் கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறது. யாருக்குப் பேச்சு குழறினாலும் உடனே 108-க்குச் சொல்லிவிட்டு முதலில் தொட்டியில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றுவது என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று.