எஸ் பட்டன் தேஞ்ச கதை

நேத்து நித்திரை வராம போன நோண்டிக்கொண்டு கிடக்கேக்க யூடியூப்ல பீத்தோவன் வைரஸ் எண்ட பழைய டான்ஸ் கேம் பாட்டு தானா வந்து நிண்டுது. பாட்டு தொடங்கி ரெண்டு செக்கன் ஆகேல்ல, என்ர விரல் தலகாணியில தட்டத் தொடங்கிட்டுது, 15 வருசத்துக்குப் பிறகும்!

டிடிஆர் (டான்ஸ் டான்ஸ் ரெவலூசன்) எண்டா கனபேருக்குத் தெரியும், ஸ்கிரீன்ல வாற அம்பைப் பாத்து பாட்டுக்கேத்த மாதிரி காலால மிதிக்கிற கேம், ஜப்பான்காரன்ர கொனாமி 1998ல விட்டது, மேல கீழ இடம் வலம் எண்டு நாலு அம்புக்குறி. அடுத்த வருசமே கொரியாவில அண்டமிரோ எண்ட கொம்பனி பம்ப் இட் அப் எண்டு ஒண்டை இறக்கிச்சு. அதில அம்பு முழுக்க மூலைக்கு, மேல ரெண்டு சிவப்பு, கீழ ரெண்டு நீலம், நடுவில ஒரு மஞ்சள் கட்டம். அந்த நடுக்கட்டம்தான் விசயமே, கால் நடுவுக்கு வந்து வந்து போறதால ஆடுறவனைப் பாக்க உண்மையாவே டான்ஸ் மாதிரி இருக்கும், டிடிஆர்ல எனக்கு அணிநடை பாக்கிற மாதிரித்தான் (சண்டைக்கு வராதேங்கோ).

இதெல்லாம் திருகோணமலையில ஆருக்குத் தெரியும்? 2010 அளவில ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு நெட் கஃபே, ஆரோ கொழும்பில இருந்து பென் டிரைவ்ல ஸ்டெப்மேனியா கொண்டந்து போட்டிருந்தான், இந்த மாதிரி கேமைக் கொம்பியூட்டர்ல விளையாட சும்மா கிடைக்கிற சொஃப்ட்வெயார், அதுக்குள்ள பம்ப் பாட்டு ஃபோல்டர் ஃபோல்டரா. நோவாசோனிக் மாதிரி கொரியன் குரூப்புகளின்ர பாட்டு ஒரு பக்கம், கேமுக்கெண்டே பன்யா எண்ட குரூப் செஞ்ச மியூசிக் இன்னொரு பக்கம், பீத்தோவன்ர பியானோவை எடுத்து உருட்டிப் பிரட்டினதும் அவங்கள்தான். ஒரு சொல் விளங்காது, ஆனா ரியூசன் முடிஞ்சா சைக்கிள் நேர அங்கதான் போகும். மெசின் ஏது, மிதிக்கிற பாய் ஏது, கீபோர்ட்தான். கியூ, இ மேல் மூலை, இசட், சி கீழ் மூலை, எஸ் நடு. ரெண்டு மாசத்தில எஸ்ஸில எழுத்து அழிஞ்சு போச்சு, முதலாளி அண்ணன் கீபோர்ட்டைத் தூக்கிப் பாத்து "ஆர்ரா இதைத் தேய்ச்சவன்" எண்டு கத்த நாங்கள் எல்லாரும் ஃபேஸ்புக் பாக்கிற மாதிரி இருந்தம்.

பிறகு வீட்டில கொம்பியூட்டர் வந்தோண்ண, ஒருக்காவாவது காலால ஆடிப் பாக்கோணும் எண்டு ஆசை. ஹோல் சீமெந்துத் தரையில சோக்கால அஞ்சு கட்டம் கீறி, நான் ஸ்கிரீனைப் பாத்து மிதிக்க, தங்கச்சி என்ர காலைப் பாத்து கீபோர்ட்டைத் தட்டுவா. மிஸ் விழுந்தா ஆற்ர பிழை எண்டு அடிபாடு. அவளுக்கு கை பிந்தும் எண்டு நான், நீ கோட்டில மிதிக்கிறாய் எண்டு அவள். வாசல்ல கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்த அம்மம்மா கொஞ்ச நேரம் பாத்திட்டு, "எட்டுக்கோடு விளையாடத் தெரியாத பொடியன், அஞ்சு கோட்டில நிண்டு துள்ளுறான்" எண்டா. கரண்ட் போனா ஆட்டம் சரி, அவ்வளவுதான், பேசாம சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் மான் பாக்கப் போறது.

உண்மையான மெசினைக் கண்டது 2018ல, மலேசியாவில ஒரு மோல்ல. மனிசியிட்ட பையைக் குடுத்திட்டு ஏறினன், எனக்கு மனப்பாடமான பாட்டுத்தானே எண்டு கஷ்டமான லெவலைப் போட்டன் வேற. விரலுக்குத் தெரிஞ்சது ஒண்டும் காலுக்குத் தெரியேல்ல. அம்பு வரமுதலே கை தொடையில தட்டுது, கால் பிறகுதான் யோசிச்சு யோசிச்சு வெளிக்கிடுது, பாதிப் பாட்டிலயே ஆட்டம் முடிஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டன். பின்னால கழுத்தில துவாயோட ஒரு தமிழ்ப் பொடியன், 12 வயசு இருக்கும், பாவம் எண்டு பாத்திட்டு மெல்லமாச் சொன்னான்:

"அங்கிள், பின்னால கம்பி இருக்கு, அதப் பிடிச்சிக்கிட்டு ஆடுங்க."