கூழ் போலக் கெட்டியாக்கிய தண்ணீரை யார்தான் ஆசையாகக் குடிப்பார்கள்?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் என்று வந்திருப்பவர்களில் பலருக்கு விழுங்குவதே சிரமம், சாதாரணத் தண்ணீரே ஆபத்து. சரசரவென்று ஓடுவதால் மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும், நிமோனியா வரை போகும். இருமினால்தான் புரையேறியது என்றில்லை, சிலருக்கு இருமலே வராது. குடித்தபின் குரல் கொழகொழவென்று மாறினாலே உஷாராக வேண்டும்.

அதனால் பவுடர் கலந்து கெட்டியாக்குகிறோம். எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கல் சிகிச்சையாளர்தான் முடிவு செய்வார், நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டுப் பார்ப்பேன்: 4 முதல் 8 மில்லி மிஞ்சினால் கெட்டி அளவில் இரண்டாம் நிலை. மாவுச்சத்துப் பவுடர் எச்சில் படப்பட நீர்த்துவிடும், மலச்சிக்கலுக்குத் தரும் மேக்ரோகால் கரைசலில் போட்டாலும் அதே கதைதான். என் ஓட்டு எச்சிலில் நீர்க்காத சாந்தன் கம் என்ற பிசின் வகைக்கே.

ஆனால் அந்தக் கொழகொழப்பை யாரும் விரும்புவதில்லை, முழுக் கோப்பையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குளிர்ந்த ஆரஞ்சுச் சாற்றில் கலந்து, நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னக் கரண்டியால், முந்தைய வாய் இறங்கிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உள்ளே போகிறது. ஐஸ்கிரீம் வேண்டாம், வாயிலேயே தண்ணீராகிவிடும். அப்புறம், பவுடர் டப்பாவைக் கட்டிலருகே வைக்காதீர்கள். அதை அப்படியே விழுங்கிய ஒருவர் மூச்சடைத்து இறந்ததால் 2015இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் எச்சரிக்கையே விட்டது.