சிப்பிப்பாறை நாயை விசிலுக்குப் பழக்குவது

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் பலர் முதலில் பழக்குவது 'உட்கார்', 'கை கொடு' இரண்டையும்தான். விருந்தாளிகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும், வேறு பெரிய பயன் இல்லை. முயல் விரட்டப் பழகிய வம்சம் இது. கண்ணில் ஏதாவது ஓடினால் பின்னாலேயே பாயும். அதனால் முதலில் பழக வேண்டியது, கூப்பிட்டதும் திரும்பி வருவது.

அதற்கு வாயைவிட விசில் மேல். 'வா, வா' என்பது வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுகிற சத்தம், நாய் அதைச் சட்டை செய்யாது. விசிலில் நம் கோபம் ஏறாது, யார் ஊதினாலும் ஒரே சத்தம், காற்றடிக்கும் கரிசல் காட்டிலும் தூரம் போகும். இரண்டு குட்டி ஊதல். எப்போதும் அதே இரண்டு.

முதல் சில நாள் நாய் எதுவும் செய்ய வேண்டாம். பக்கத்தில் நிற்கும்போதே ஊதி, அடுத்த நொடியே ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பு எடுத்து, பட்டாணி அளவில் நறுக்கியது போதும். குழம்பிலிருந்து எடுத்துப் போடாதீர்கள், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு, மூன்று நான்கு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. சத்தம் கேட்டதும் தலை வெடுக்கென்று திரும்புகிறதா? இனி தள்ளி நின்று ஊதலாம்.

ஹாலில் 3 மீட்டர், பிறகு முற்றம், தெரு, கடைசியில் காடு. பத்துக்கு எட்டு முறை வந்தால்தான் அடுத்த இடம். வெளியே 10 மீட்டர் பருத்திக் கயிறு கட்டுங்கள், நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். கயிறு ஹார்னஸில்தான் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை) இருக்க வேண்டும். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், சாதாரண கழுத்துப்பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். உருவிக்கொள்ளாவிட்டாலும், முழு வேகத்தில் ஓடிக் கயிறு தீரும் இடத்தில் விழும் திடீர் இழுப்பு கழுத்துக்கு ஆபத்து.

ஊதியதும் நீங்கள் எதிர்த்திசையில் நாலு எட்டு ஓடுங்கள். விரட்டும் புத்தி இப்போது உங்கள் பக்கம் வேலை செய்யும். வந்ததும் முதலில் ஹார்னஸைப் பிடியுங்கள், அப்புறம் கறி. வரிசை மாறினால், கறியைக் கவ்விக்கொண்டு கைக்கு எட்டாமல் துள்ளப் பழகிவிடும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது ஓர் இடத்தில்தான்: கட்டிப்போடவும் குளிப்பாட்டவும் மட்டுமே கூப்பிடுவது. பத்தில் ஒன்பது முறை கறி கொடுத்துத் திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். வரவில்லையென்றால் மறுபடி ஊதாமல், கயிற்றைப் பிடித்தபடி நடந்து போய் அழைத்து வாருங்கள். துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. தாமதமாக வந்த நாயை அடித்தால், வந்ததற்குத்தான் அடி என்று அது எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இப்படிக் கெட்டுப்போயிருந்தால், ஒரே நீள ஊதலாக மாற்றி முதலிலிருந்து தொடங்குவதே சுலபம்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை, நன்றாக வந்துகொண்டிருந்த நாயும் திடீரென்று காது கேளாததுபோல் நடிக்கும். பருவ வயது. கத்தாமல் மறுபடி கயிறு கட்டுங்கள்.

பாய்ந்து ஓட ஆரம்பித்தபின் ஊதுவதில் பயன் குறைவு. காது நிமிர்ந்து, உடம்பு விறைத்து, ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும் அந்தக் கணத்தில் ஊதுங்கள். பஸ் போகும் ரோட்டோரத்தில், எவ்வளவு பழகிய சிப்பிப்பாறையாக இருந்தாலும் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம்.